வெட்டி ஆபீஸர்

என் மாமியார் யாரையும் நேரடியாகத் திட்ட மாட்டார். பட்டம் கொடுத்துவிடுவார். மாமனாருக்கு 'ஆல் இந்தியா ரேடியோ'. எனக்கு என்ன பட்டம் என்பதை என் மனைவி பதினோரு வருஷமாகச் சொல்ல மறுக்கிறாள். மச்சினன் பாஸ்கருக்குக் கொடுத்திருப்பது 'வெட்டி ஆபீஸர்'.

இதில் விசேஷம் என்னவென்றால், அந்தப் பட்டம் அவனுக்கு நூற்றுக்கு நூறு பொருத்தம். வயசு 29. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஐந்தாவது வருஷமாக பி.எச்டி. பண்ணிக்கொண்டிருக்கிறான். அங்கே அவன் செய்வது என்ன? தன் கையால் தயாரித்த ஒரு பொருள் டி.என்.ஏ.வில் ஒட்டுகிறதா, ஒட்டினால் வெட்டுகிறதா என்று பார்ப்பது. பத்தாவது படிக்கும்போது தவளையைக் கண்டு மயக்கம் போட்டவன், இப்போது வெட்டுவதை மேற்பார்வை பார்க்கும் அதிகாரி. வெட்டி ஆபீஸர்தானே?

நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே கெமிஸ்ட்ரி, முதலாளிக்கும் ஆடிட்டருக்கும் நடுவில் இருப்பது. ஆகவே இவன் வேலையை நானும் பல வருஷம் மாமியார் கண்ணோடுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வருஷம் அவன் ஊரில் ஒரு கல்யாணம். முதல் நாளே போய்ச் சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

"மாமா, சும்மா உக்காந்திருக்கறதுக்கு இந்த ஸ்டாப் வாட்சைப் பிடிங்க."

பிடித்தேன். எதிரே வெந்நீர்த் தொட்டி மாதிரி ஒன்று. அதற்குள் 'யு' வடிவில் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் ஒரு கரைசல் மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எத்தனை வினாடி ஆகிறது என்று நான் சொல்லவேண்டும். அவன் எழுதிக்கொள்வான். மறுபடி உறிஞ்சி மேலே ஏற்றுவான். மறுபடி இறங்கும். ஒவ்வொன்றையும் மூன்று தடவை. பத்தாவது தடவையில் நான் மாமியாரின் தீர்க்கதரிசனத்தை வியந்துகொண்டிருந்தேன்.

"இதுல என்னடா தெரியப்போகுது மாப்ளே?"

"நம்ம டவுன் பஸ்ல எத்தனை விதமா போகலாம் மாமா?"

"டிக்கெட் எடுத்தும் போகலாம், எடுக்காமலும் போகலாம்."

"அதில்ல. உள்ளே போய் ரெண்டு பேருக்கு நடுவுல 'கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார்'னு நுழையலாம். இல்லேன்னா படியில நிக்கலாம். அதுவும் இல்லேன்னா வெளிக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கலாம். டி.என்.ஏ.லயும் அப்படித்தான்."

டி.என்.ஏ. என்பது முறுக்கிவிட்ட ஏணி. படிக்கும் படிக்கும் நடுவில் 3.4 ஆங்ஸ்ட்ராம். (ஒரு சென்டிமீட்டரைப் பத்து கோடித் துண்டாக்கினால் ஒரு துண்டு ஓர் ஆங்ஸ்ட்ராம். என் சம்பளத்தில் மாசக் கடைசியில் மிஞ்சுவதும் அவ்வளவுதான்.) தட்டையான சில மூலக்கூறுகள் இரண்டு படிகளுக்கு நடுவில் செருகிக்கொள்ளும். சில, முறுக்கினால் உண்டான பள்ளத்தில் போய்ப் படுக்கும். வேறு சில, ஏணியின் வெளிப்பக்கம் இருக்கும் எதிர் மின்சுமையைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

ஆசாமி உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா, படியில் நிற்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எட்டிப் பார்க்க முடியாது. இங்கேதான் கண்ணாடிக் குழாய். இரண்டு படிகளுக்கு நடுவில் ஒருத்தர் நுழைந்தால் ஏணி நீளும். நிறைய பேர் நுழைந்தால் நிறைய நீளும். நீண்ட டி.என்.ஏ. மிதக்கும் கரைசல் கொழகொழப்பாகும், குழாயில் மெதுவாக இறங்கும். 1961-ல் லெர்மன் என்ற அமெரிக்கர், சில சாயப் பொருள்கள் இப்படிப் படிகளுக்கு நடுவே நுழைகின்றன என்று சொன்னதற்குக் காட்டிய ஆதாரங்களில் ஒன்று இந்தக் கொழகொழப்புதான். ஆக, என் கையில் இருந்த ஸ்டாப் வாட்ச் அவ்வளவு கேவலமான சாமான் இல்லை.

பாஸ்கரின் பொருள் தாமிரத்தை நடுவில் உட்கார வைத்துச் செய்த ஒரு பச்சைத் தூள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனான். என் வினாடிகள் கூடவில்லை. அரை வினாடி, முக்கால் வினாடி ஆடியது. அது என் கட்டைவிரலின் ஆட்டமாகவும் இருக்கலாம்.

"உள்ளே போகலைன்னு தெரியுது. படியில நிக்கிற ஆளு" என்றான். முகத்தில் பெரிய சோகம் இல்லை. படியில் நின்றாலும் பயணிதானே.

எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்கு இன்னொரு அளவு. பச்சைத் தூளின் கரைசல் வழியாக ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு விழுங்குகிறது என்று மெஷின் குறித்துக்கொள்கிறது. பிறகு டி.என்.ஏ.வைத் துளித்துளியாகச் சேர்க்கிறார்கள். கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து எடுத்து, பாட்டிலில் விற்கும் டி.என்.ஏ. அது. தூள் அதில் போய் ஒட்டிக்கொள்ள ஒட்டிக்கொள்ள, விழுங்கும் ஒளி குறையும். எத்தனை துளிக்கு எவ்வளவு குறைந்தது என்று கோடு போட்டால் ஓர் எண் கிடைக்கும். எண் பெரிசானால் பிடி இறுக்கம். எத்திடியம் என்று ஒரு சாயம், படிகளுக்கு நடுவில் நுழைவதில் மன்னன். அதன் எண் லட்சங்களில் ஓடும். பாஸ்கருடையது சுமார் பத்தாயிரம்.

"லட்சாதிபதி இல்லே. ஏதோ நம்மளை மாதிரி" என்றேன். சிரித்தான். பிறகு லேப்டாப்பைத் திறந்து, "ஆனா வெட்டறதுல கிங் மாமா. இதைப் பாருங்க" என்றான்.

கறுப்புப் படம். அதில் வெள்ளைக் கோடுகள்.

இதற்கு வேறு டி.என்.ஏ. பாக்டீரியாவிலிருந்து வரும் வளையம். பெயர் பி.பி.ஆர்.322. பல்லவன் பஸ் நம்பர் மாதிரி இருந்தாலும், 1977-ல் சான் பிரான்சிஸ்கோவில் அதை உண்டாக்கிய பொலிவர், ரோட்ரிகஸ் என்ற இரண்டு பேரின் முதலெழுத்துகள்தான் நடுவில் இருப்பவை. மொத்தம் 4,361 படிகள். பழைய டெலிபோன் ரிசீவரின் வயர் தனக்குத்தானே முறுக்கிக்கொண்டு கிடக்குமே, அந்த மாதிரி இறுகிக் கிடக்கும். இரண்டு இழைகளில் ஒன்றை எங்கேயாவது ஓரிடத்தில் வெட்டினால் போதும், முறுக்கு பிரிந்து தொளதொளவென்று பெரிய வளையமாகிவிடும். எதிரெதிரே இரண்டு இழையையும் வெட்டினால் வளையம் போய் நீட்டுக் கயிறு.

மூன்றும் எடை ஒன்றே. எப்படிப் பிரித்துப் பார்ப்பது? கடல்பாசிப் பொருளில் செய்த ஜெல்லிக் கட்டி ஒன்றில் ஓட விடுகிறார்கள், கரண்ட் வைத்து. தீபாவளிக்கு முந்தின வாரம் ரங்கநாதன் தெருவில் நடந்திருக்கிறீர்களா? கையை மடக்கிக்கொண்டு போகிறவர் சீக்கிரம் வெளியே வந்துவிடுவார். தோளில் மூங்கில் கழியோடு போகிறவர் கொஞ்சம் தாமதம். விரித்த குடையோடு நுழைந்தவர் மறுநாள்தான் வருவார். அதேதான். முறுக்கிய வளையம் முதலில், நீட்டுக் கயிறு நடுவில், தொளதொள வளையம் கடைசியில். ஒரு மணி, இரண்டு மணி கழித்து எத்திடியம் சாயத்தில் ஊறவைத்துப் புற ஊதா ஒளியில் பார்த்தால், யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது கோடாகத் தெரியும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதில் ஒரு கணக்குச் சமாசாரம். முறுக்கிய வளையத்துக்குள் சாயம் சரியாக நுழையாது. அதனால் அந்தக் கோடு உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். அப்படியே விட்டால் வெட்டாததையும் வெட்டியதாகக் கணக்கு வந்துவிடும். ஆகவே அந்தக் கோட்டின் பிரகாசத்தை 1.2-லிருந்து 1.5 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கிச் சரிக்கட்டுகிறார்கள். ஸ்டாக்கைக் குறைத்துக் காட்டும் குடோன் கீப்பருக்கு ஆடிட்டர் போடும் நோட் மாதிரி. இவ்வளவு நாணயமான டிபார்ட்மெண்ட் என்று நான் நினைக்கவில்லை.

பாஸ்கர் படத்தில் எட்டு லேன். முதல் லேனில் டி.என்.ஏ. மட்டும். இரண்டாவதில் வைட்டமின் சி சேர்த்தது. மூன்றாவதில் சாதாரண காப்பர் குளோரைடு சேர்த்தது. மூன்றிலும் முறுக்கிய வளையம் அப்படியே இருந்தது. நாலிலிருந்து எட்டு வரை பச்சைத் தூளும் வைட்டமின் சியும். தூள் கூடக் கூட முறுக்கிய கோடு தேய்ந்து, எட்டாவதில் காணவே காணோம். நடுவில் மங்கலாக ஒரு நீட்டுக் கயிற்றுக் கோடும் தெரிந்தது.

"ரெண்டு இழையும் ஒரே போடுல போகுதா?"

"அப்படிச் சொல்ல முடியாது மாமா. அங்கங்க தனித்தனியா வெட்டினாலும், எப்பவாவது ரெண்டு வெட்டு தற்செயலா எதிரெதிரே வந்துடும்." அதற்கு 1969-லேயே ஃப்ரைஃபெல்டர், ட்ரம்போ என்ற இருவர் சூத்திரம் போட்டிருக்கிறார்கள். எதிர் இழையில் 16 படிக்குள் இன்னொரு வெட்டு விழுந்தால் கயிறு அறும் என்று வைத்துக்கொண்டு கணக்கு. கல்யாணப் பத்திரிகைக் கவரின் பின்னால் போட்டுப் பார்த்தோம். வளையத்துக்குச் சராசரி ஐந்து வெட்டு என்றால், சும்மா தற்செயலாகவே இருபது வளையத்தில் ஒன்று அறுந்துவிடும். அவன் நடுக் கோடு அதற்கு மேல் தேறவில்லை. போகட்டும். ஒற்றை வெட்டு வெட்டே இல்லையா?

திரும்பி வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். பத்திரிகையில் எழுதுவது போக, இரண்டு மூன்று கம்பெனிகளுக்குக் கணக்கும் எழுதுகிறேன். அதில் ஒன்றில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அளந்துவிட்டேன். "என் மச்சினன் ஒரு மருந்து கண்டுபிடிச்சிருக்கான். கேன்சரோட டி.என்.ஏ.வையே துண்டு துண்டா வெட்டிடும்." டி.என்.ஏ. கன்றுக்குட்டியுடையது, பாக்டீரியாவுடையது, நடந்தது கண்ணாடிக் குழாயில் என்பதையெல்லாம் சாம்பாரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

சாயந்திரம் கேஷியர் என் டேபிளுக்கு வந்தார். அதிகம் பேசாத மனுஷர். பத்து நிமிஷம் ஜி.எஸ்.டி. பற்றிப் பேசினார். பிறகு, "அந்த மருந்து... எப்ப சார் கிடைக்கும்? வீட்ல நாலாவது கீமோ போயிட்டிருக்கு" என்றார்.

எனக்குத் தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. "கேட்டுச் சொல்றேன் சார்" என்றேன். அதற்குப் பிறகு ஒரு மாசம் அவர் கவுண்ட்டர் பக்கம் போகாமல் பையனை அனுப்பி வவுச்சர் வாங்கிக்கொண்டிருந்தேன்.

இதற்கு நடுவில் பாஸ்கர் தன் கட்டுரையை ஒரு ஜர்னலுக்கு அனுப்பினான். பரிசீலனை பண்ணிய யாரோ ஒரு புண்ணியவான் (பெயர் சொல்ல மாட்டார்களாம்) ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதியிருந்தார்: காப்பர் குளோரைடையும் வைட்டமின் சியையும் ஒன்றாகப் போட்ட லேன் எங்கே?

என் மாதிரி ஆட்களுக்காக விளக்குகிறேன். வைட்டமின் சி இங்கே சத்து மாத்திரை இல்லை. சாணைக்கல். அது தாமிரத்துக்கு எலெக்ட்ரான் கொடுக்க, தாமிரம் கரைசலில் உள்ள ஆக்ஸிஜனைப் பிடித்து, ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அதைவிடப் பொல்லாத சில பேர்வழிகள் என்று உண்டாக்குகிறது. டி.என்.ஏ.யைக் கடிப்பது அவர்கள்தான். பாஸ்கர் தன் பொருளுக்குச் சாணை பிடித்தான். போட்டிக்கு நிறுத்திய சாதாரணத் தாமிரத்தை மொட்டைக் கத்தியாகவே விட்டிருந்தான். வேண்டுமென்று செய்யவில்லை. தோன்றவில்லை.

இரவு பதினொன்றரைக்கு போன்.

"மாமா, ஓட்டிப் பார்த்துட்டேன்."

"என்னாச்சு?"

"காப்பர் குளோரைடே வெட்டுது. அதே அளவு போட்டா அதே வெட்டு. என் காம்பவுண்டு எதுவும் எக்ஸ்ட்ராவா செய்யலை."

எனக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. "இன்னொரு தடவை ஓட்டிப் பாரேன்" என்றேன். "மூணு தடவை ஓட்டிட்டேன் மாமா." எனக்கு ஸ்டாப் வாட்ச் ஞாபகம் வந்தது. எதையும் மூன்று தடவை.

அவன் பயல் இல்லை, இந்த ஏமாற்றத்துக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. தாமிரத்தோடு ஃபெனான்த்ரோலின் என்ற பொருளைச் சேர்த்தால் டி.என்.ஏ.வை வெட்டும் என்று 1979-ல் சிக்மன் குழுவினர் லாஸ் ஏஞ்சலீஸில் எழுதினார்கள். மனிதன் செய்த பொருள்களால் டி.என்.ஏ.வை வெட்டும் இந்தத் துறைக்கு அது ஒரு பிள்ளையார் சுழி. ஆனால் அவர்கள் அதைத் தேடிப் போகவில்லை. டி.என்.ஏ.வை நகலெடுக்கும் ஒரு என்சைமை அந்தப் பொருள் ஏன் முடக்குகிறது என்று பார்க்கப் போனார்கள். போய்ப் பார்த்தால் அடி விழுந்தது என்சைமுக்கு இல்லை, பக்கத்தில் இருந்த டி.என்.ஏ.வுக்கு. வெட்டியது யார், வெட்டுப்பட்டது யார் என்ற விசாரணைதான் இந்தத் தொழிலில் பாதி.

மறுநாள் பாஸ்கரின் சீனியர் ஒருவர் யோசனை சொன்னாராம். "காப்பர் குளோரைடை மட்டும் பத்தில் ஒரு பங்கு அளவில் போட்டு ஓட்டு. வெட்டாது. படம் எடுத்து அனுப்பு. அளவை எழுத்தில் சின்னதாப் போட்டா யார் பார்க்கப்போறாங்க?" கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு ஸ்காலர்ஷிப்பில் காலம் தள்ளுகிறவர் அவர். கெட்டவர் இல்லை. 

"நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

என்னைப் போய்க் கேட்கிறான். முதல் வேலையில், 25 வயசில், மார்ச் 31 ராத்திரி எனக்கு டிரையல் பேலன்ஸ் டாலி ஆகவில்லை. வித்தியாசம் 4,312 ரூபாய். சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டேன். அது தப்பில்லை. அப்புறம் தேட வேண்டும். நான் தேடாமல், இரண்டு மாசம் கழித்து சில்லறைச் செலவில் தள்ளி மூடிவிட்டேன். பெரிய தொகையா? ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் லெட்ஜர் புரட்டும்போதுதான் தெரிந்தது, அதில் 1,900 ரூபாய் ஒரு டிரைவருக்குச் சேரவேண்டிய பேட்டா. அவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

இதை பாஸ்கரிடம் சொன்னேன். அட்வைஸாக இல்லை, சும்மா சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி மாமா, மெஸ் மூடிடுவான்" என்று வைத்துவிட்டான்.

கட்டுரையை அவனே வாபஸ் வாங்கிக்கொண்டான். கைடு நல்லவர், ஒன்றும் சொல்லவில்லை. எட்டு மாசம் மறுபடி எல்லாவற்றையும் ஓட்டினான். தாமிரத்தை வளைத்துப் பிடிக்கும் ஈ.டி.டி.ஏ. போட்டால் வெட்டு நிற்கிறதா? நின்றது. பெராக்ஸைடைத் தின்னும் கேட்டலேஸ் என்சைம் போட்டால்? குறைந்தது. அப்படியானால் குற்றவாளி தாமிரமும் பெராக்ஸைடும்தான். பச்சைத் தூளுக்கென்று தனிச் சாமர்த்தியம் எதுவும் நிரூபணம் ஆகவில்லை. படியில் நின்றவர் நின்றபடியே நின்றார்.

இந்தச் சேதியை எடுத்துக்கொண்டு கேஷியரிடம் போனேன். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தால் அவர் தினம் என்னைப் பார்ப்பது தாங்கவில்லை.

"அது மருந்து இல்ல சார். நான் அன்னிக்கு ஜாஸ்தி பேசிட்டேன். தம்பி செக் பண்ணிப் பார்த்தான். வெறும் தாமிரமும் அதையே செய்யுது. தாமிரம் உடம்புல போனா இந்த மாதிரி நடக்காது. புரோட்டீனெல்லாம் அதைக் கட்டிப் போட்டு வெச்சிருக்கும்."

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கேஷ் பெட்டியைப் பூட்டிவிட்டு, "அப்ப இப்ப வீட்ல போட்டுக்கிட்டிருக்கற சிஸ்பிளாட்டின், அதை ஒழுங்காப் பார்த்துத்தான் சார் கண்டுபிடிச்சாங்களா?" என்றார்.

அந்தக் கதை பாஸ்கர் சொல்லி எனக்குத் தெரியும். மிச்சிகனில் ரோசன்பர்க் என்று ஒரு இயற்பியல்காரர். பாக்டீரியாக்கள் மிதக்கும் திரவத்தில் பிளாட்டினத் தகடு வைத்துக் கரண்ட் பாய்ச்சினார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரிவதை நிறுத்திவிட்டு இடியாப்பம் மாதிரி நீண்டுகொண்டே போயின, 300 மடங்கு வரை. மின்சாரத்தின் மகிமை என்று அன்றைக்கே அறிவித்திருந்தால் போட்டோ வந்திருக்கும். அவர்கள் அறிவிக்கவில்லை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது தகடு. பிளாட்டினம் துளித் துளியாகக் கரைந்து, அந்தத் திரவத்தில் இருந்த உப்போடு சேர்ந்து உண்டான பொருள்தான் காரணம். 1965-ல் எழுதினார்கள். அந்தக் குடும்பத்துப் பொருளில் ஒன்று, 1840-களிலேயே ஒரு இத்தாலியர் தயாரித்து, இன்னதற்கு உதவும் என்று தெரியாமல் நூறு வருஷத்துக்கு மேல் கிடந்தது. 1969-ல் எலிகளின் கட்டியில் பார்த்தார்கள். 1978-ல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி கிடைத்தது. அது டி.என்.ஏ.வை வெட்டுவதுகூட இல்லை. பக்கத்துப் பக்கத்துப் படிகளைச் சேர்த்துக் கட்டி, ஏணியையே வளைத்துவிடுகிறது.

கேஷியர் கவனமாகக் கேட்டார். "பதிமூணு வருஷம்" என்றார். 65-லிருந்து 78 வரை மனசுக்குள் கழித்திருக்கிறார். பிறகு, "வாந்திதான் சார் தாங்க முடியலைங்கறா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். அந்த அம்மாளுக்கு ஆறு கீமோவும் முடிந்துவிட்டது. மூன்று மாசத்துக்கு ஒரு தரம் செக்கப் போகிறார்கள்.

பாஸ்கர் தீஸிஸைச் சமர்ப்பித்துவிட்டான். ஐந்தாவது அத்தியாயம் முழுக்க அந்த லேன்தான். அட்டை போட்ட காப்பி ஒன்றைக் கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தான். அவர் அதை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் குங்குமம் இட்டார்.

போன வாரம் ஜாதகத்தோடு தரகர் வந்திருந்தார். "பையன் என்ன பண்றார்?" என்று கேட்டுக்கொண்டே நோட்டைத் திறந்தார்.

மாமியார் எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "அஞ்சு வருஷமா ஒண்ணு வெட்டுது வெட்டுதுன்னுட்டு இருந்தான். இப்ப, அது வெட்டலைன்னு கண்டுபிடிச்சிருக்கான்."

தரகர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு நோட்டில் 'சயின்டிஸ்ட்' என்று எழுதிக்கொண்டு, நட்சத்திரம் என்ன என்று கேட்டார்.